இரங்கலும் பாடும்

நெய்தல் என்றவுடன் தமிழ் படித்தவன் எவனுக்கும் இரங்கல் என்று நாக்கில் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தது. கடலும் கடல் சார்ந்த நிலமும், வருணன், எற்பாடு, சுறா, புன்னை, விளரி யாழ், உரிப்பொருள் இரங்கல். பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்தக் கட்டம் பரீட்சையோடு நிற்கவில்லை. தமிழ் இலக்கியப் பிரக்ஞைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, கடலோரத்தைப் பற்றி நாம் எதைக் கேட்டாலும் எதைப் படித்தாலும் அதை இரங்கலாகவே மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் உள்ள கடற்கரையை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அங்கே முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கட்டத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மீன், உப்பு, மரம், பறவை என்று கருப்பொருள் வரிசை போகிறபோது அதே வரிசையில் மக்களும் வருகிறார்கள். பரதவர், நுளையர், அளவர். சூழலின் ஒரு அங்கமாக, புன்னைக்கும் சுறாவுக்கும் பக்கத்தில் அவர்களுக்கு இடம். இதற்குச் சங்கக் கவிஞர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மூவனாரும் உலோச்சனாரும் கடலை எழுதியபோது கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எழுதவில்லை. நற்றிணையின் 45-வது பாட்டைப் பாருங்கள். தேரில் வந்து நிற்கிற செல்வர் வீட்டுப் பிள்ளையைத் தோழி திருப்பி அனுப்புகிறாள். நாங்கள் மீன் அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலவு நாறும், தள்ளி நில் என்கிறாள். அதோடு விடாமல் எங்கள் ஆட்களிலும் உயர்ந்தவர்கள் உண்டு என்று ஒரு போடு போடுகிறாள். இதில் இரங்கல் எங்கே இருக்கிறது? இது வாதம். தன் தொழிலையும் அதன் நாற்றத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு செய்கிற வாதம். குறை நயத்தல், சேட்படுத்தல் என்று உரைகாரர்கள் துறை வகுத்து இதை அடக்கிவிட்டார்கள். அடங்காத பகுதி பாட்டில் அப்படியே இருக்கிறது.

பின்னால் வந்த இலக்கியத்தில் அந்தத் தோழியின் குரல் கிடையாது. திருவொற்றியூருக்கு இலக்கியப் பெருமை நிறையவே உண்டு. சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்து மீறிய ஊர். பட்டினத்தார் சமாதி கொண்ட ஊர். ராமலிங்க சுவாமிகள் வடிவுடையம்மனைப் பாடிய ஊர். ஆனால் இந்த மரபு முழுவதிலும் கடல் பிறவிக்கடல்தான். கடக்க வேண்டியது. அதில் போய் மீனோடு திரும்பி வருகிறவன், அது கடப்பதற்கு உரியதல்ல என்று தினமும் அறிகிறவன், கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தும் அந்தப் பாட்டுகளுக்குள் வரவில்லை. பட்டினத்தார் சமாதியிலிருந்து பார்த்தால் அவன் மரத்தைக் கரையேற்றுவது தெரியும்.

ராயபுரத்தின் கதை வேறு. ராயப்பர் என்பது பீட்டருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்திருக்கிற பெயர். அங்குள்ள புனித ராயப்பர் ஆலயம் 1829-ல் படகுக்காரர்கள் சொந்தச் செலவில் எழுப்பியது. துறைமுகம் இல்லாத காலத்து மதராஸில் கவர்னரானாலும் பாதிரியானாலும் கடைசி ஒரு மைல் இவர்களை நம்பித்தான் கரை சேர வேண்டும். கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல் பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்தது வளைந்துகொடுக்கும். வெள்ளைக்காரர்களின் நினைவுக்குறிப்புகளில் இந்தப் படகுச் சவாரி பக்கம் பக்கமாக வருகிறது, நனைந்த தொப்பி, அலறிய மனைவி, கூடுதல் கூலி கேட்ட படகுக்காரன் என்று. படகுக்காரன் தரப்பு ஒரு வரிகூட இல்லை.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்குக் கல் வைத்தார். 1881 புயலில் கட்டியதில் பெரும்பகுதி போயிற்று. மறுபடி கட்டினார்கள். மசூலாவின் தொழில் அதோடு முடிந்தது என்பது தெரிந்த சங்கதி. அவ்வளவாகப் பேசப்படாதது மணலின் கதை. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து மேலே கரையைக் கடல் அரித்தது, வீடுகளும் தெருக்களும் போயின. பிறகு பாறையைக் கொட்டிச் சுவர் வைத்தார்கள். இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவனுக்குக் கடலுக்கு முன்னால் தெரிவது கருங்கல். மெரினாவில் உட்கார்ந்து நம்மவர்கள் எழுதிய கவிதைகளுக்கும் சிறுகதைகளுக்கும் கணக்கில்லை. காதல், வேலையின்மை, பிரபஞ்சம் எல்லாம் அந்த மணலில் வைத்துத்தான். அது ராயபுரத்துக்குச் சேர வேண்டிய மணல் என்பது எந்தக் கவிதையிலும் நான் பார்த்ததில்லை. கவிஞன் பொறியியல் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகமாவது பட்டிருக்கலாம்.

இனி ஆவணம் என்று பெயர் பெற்றவற்றைப் பார்ப்போம். 1909-ல் எட்கார் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அகரவரிசையில் பட்டினவரும் வருகிறார்கள். உட்பிரிவு, பட்டப்பெயர், கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு, பஞ்சாயத்துத் தலைவர்கள். தர்ஸ்டன் மதராஸ் மியூசியத்தின் மேற்பார்வையாளர். மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளைக் கையோடு வைத்திருந்தவர். இந்தத் தொகுதிகளை இன்றும் நமது ஆராய்ச்சியாளர்கள் பிரித்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். நான் சொல்ல வருவது அவர் அளந்ததைப் பற்றி அல்ல, அது பல பேர் சொல்லியாயிற்று. அவர் கேட்காமல் விட்டதைப் பற்றி. ஒரு பட்டினவன் தன் வாயால் சொன்ன ஒரு கதை, அவன் மொழியில், அவன் பெயரோடு, அந்த ஏழு தொகுதியில் இல்லை.

இது அந்தக் காலத்து வழக்கம், வேறு எப்படி எதிர்பார்க்க முடியும் என்று கேட்பவர்களுக்காக, அதே 1909-ல் பூமியின் மறு பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலாஸ்காவிலிருந்து கம்சாத்காவை நோக்கி ஆயிரம் மைலுக்கு மேல் வளைந்து போகிற தீவுச் சங்கிலியில் அலெயுத்துகள் என்ற கடல் மக்கள் இருக்கிறார்கள். அலெயுத் என்பது ருஷ்யர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் உனாங்கன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மரம் முளைக்காத தீவுகள். கரையொதுங்கிய கட்டையை எலும்புக்கூடாக்கி அதன்மேல் கடற்சிங்கத்தின் தோலைத் தைத்துப் படகு செய்தார்கள். அங்கும் ஆணி இல்லை, நம் மசூலாவின் அதே காரணத்தால். 1741-ல் பேரிங்கின் பயணத்துக்குப் பிறகு கடல் நீர்நாயின் தோலுக்காக ருஷ்ய வியாபாரிகள் வந்தார்கள். ஆண்களை வேட்டைக்குக் கட்டாயப்படுத்தினார்கள். வன்முறையும் நோயுமாக மக்களில் பெரும்பகுதி அழிந்தது. 1867-ல் அலாஸ்கா அமெரிக்காவுக்கு விற்கப்பட்டபோது அவர்களும் கூடவே கைமாறினார்கள்.

அந்தத் தீவுகளுக்கு 1909-லும் 1910-லும் யோகெல்சன் என்ற ருஷ்ய இனவியலாளர் போனார். மெழுகு உருளைகளில் அவர்கள் குரலைப் பதிவு செய்தார். அலெயுத் உதவியாளர்களை வைத்துக்கொண்டு கதைகளை அவர்கள் மொழியிலேயே எழுதி எடுத்தார். இதற்கு முன்பே, 1820-களில், வெனியாமினோவ் என்ற பாதிரியும் பான்கோவ் என்ற அலெயுத் தலைவரும் சேர்ந்து அந்த மொழிக்கு எழுத்து அமைத்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. யோகெல்சன் தன் வாழ்நாளில் அதை முழுதாக அச்சிட முடியவில்லை. எண்பது வருஷம் கழித்து, 1990-ல், சொன்னவர்களின் பெயரோடு, மூலமும் ஆங்கிலமுமாக அது புத்தகமாயிற்று. பதிப்பித்தவர்கள் இருவர். பெர்க்ஸ்லாண்ட் என்ற நார்வேக்காரர், மோசஸ் டிர்க்ஸ் என்ற அலெயுத். 1994-ல் பெர்க்ஸ்லாண்டின் அலெயுத் அகராதியும் வந்தது. (1952 ஒப்பந்தப்படி நார்வே நமக்கும் ஒன்று கொடுத்தது, கேரளத்து நீண்டகரையில் விசைப்படகு. அவர்களுக்கு அகராதி, நமக்கு எஞ்சின். அவரவர் கேட்டது அவரவருக்கு.)

யோகெல்சனும் ஏகாதிபத்தியம் அனுப்பிய ஆள்தான். அவரைப் புனிதராக்க வேண்டாம். ஆனால் அவர் எழுதிவைத்தது பேச்சை, தர்ஸ்டன் எழுதிவைத்தது பேசியவனை. 1942-ல் ஜப்பான் டச்சு துறைமுகத்தில் குண்டு போட்டு அட்டு, கிஸ்கா தீவுகளைப் பிடித்தபோது அமெரிக்க அரசு 881 அலெயுத்துகளை அவர்கள் தீவுகளிலிருந்து கிளப்பித் தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்ட மீன் பதனிடும் கொட்டகைகளில் கொண்டுபோய் அடைத்தது. அட்கா ஊரை எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அமெரிக்கக் கடற்படையே எரித்தது. அடைத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் திரும்பவில்லை. நஷ்டஈட்டுக்கும் மன்னிப்புக்கும் சட்டம் வர 1988 ஆயிற்று. அதற்குள் அழிந்துவரும் இனம் என்று அவர்களைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். அழிந்துவரும் இனம் வழக்குப் போட்டுச் சாட்சி சொன்னது. சமீபப் பத்தாண்டுகளில் அவர்கள் பிள்ளைகள் மியூசியத்தில் இருக்கும் பழைய படகுகளை அளந்து புதிதாகத் தோல் படகு கட்டிக் கடலில் விடுகிறார்கள். இதைப் புத்துயிர்ப்பு என்று கொண்டாடுவதில் கொஞ்சம் சுற்றுலா வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அளப்பது இந்தத் தடவை அவர்கள் கை.

நம் பக்கம் போனது பொருள் மட்டுமில்லை. வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான தன் பயண நூலில் கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரைச் சொல்லோடு குறிக்கிறார். ஆங்கிலம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டது. இன்று உலகத்தில் காட்டமரான் என்றால் பணக்காரர்களின் உல்லாசப் படகு. இங்கே, மரத்தை அவிழ்த்துக் கரையில் காயப்போட்டு மறுநாள் விடியலில் மறுபடி கட்டிப் போனவர்களிடம் இப்போது இருப்பது ஃபைபர் போட். அதற்காக நான் அழப்போவதில்லை. ஃபைபர் சீக்கிரம் போகிறது, சீக்கிரம் வருகிறது, நாலு பேர் உயிர் பிழைக்கிறார்கள். கட்டுமரம் போய்விட்டதே என்று கட்டுமரத்தில் ஒருநாளும் போகாதவன் உருகுவதில் ஒரு ஆபாசம் இருக்கிறது.

இந்த உருக்கம் நம் நாவல்களில் என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். வெகுகாலம் தமிழ் வாசகனுக்குக் கடல் நாவல் என்றால் தகழியின் செம்மீன்தான். 1956-ல் வந்த மலையாள நாவல், சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில். கரையிலிருக்கும் மனைவியின் கற்பு கடலிலிருக்கும் கணவனைக் காக்கிறது என்ற தொன்மத்தின்மேல் கட்டியது. உச்சத்தில் எழுதப்பட்ட நாவல்தான். ஆனால் கடலில் ஒருவன் ஏன் சாகிறான் என்பதற்கு அது சொல்லும் காரணம் கரையில் யோசிக்கப்பட்டது. காற்றும் நீரோட்டமும் அறிந்தவன் அந்தக் காரணத்தைக் கடைசியில்தான் சொல்வான். 1977-ல் வந்த வண்ணநிலவனின் கடல்புரத்தில் வேறு மாதிரி. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் உள்ள சண்டை அதில் நிஜமாக இருக்கிறது. ஆனாலும் ஆசிரியரின் மென்மை அதன்மேல் மூடுபனி மாதிரிப் படர்ந்துவிடுகிறது. படித்து முடித்ததும் மனத்தில் தங்குவது பிலோமியின் சோகம், சண்டை கரைந்துபோகிறது. மறுபடி இரங்கல். தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை கரையின் அதிகாரத்தைப் பற்றியது, கடலைப் பற்றியதல்ல. 2004-ல் வந்த ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகுதான் முதல் தடவையாகத் தொழில் தெரிந்தவன் கை பட்ட நாவல். கலை ரீதியாக அதில் எனக்குச் சிக்கல்கள் உண்டு, பாத்திரங்கள் நாவலாசிரியரின் நினைவுக்குள் முட்டி மோதுகிறார்கள். ஆனால் நீரோட்டம் பற்றி ஒருவன் பேசினால் அது அலங்காரமாக இல்லை. அதுவே பெரிய விஷயம்.

இவை எல்லாம் தெற்கு. தூத்துக்குடியும் அதற்குக் கீழும். வடசென்னைக் கடற்கரைக்கு என் வாசிப்பில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. வடசென்னை எழுதப்படுகிறது, குத்துச்சண்டை, கானா, கத்தி, கேரம் பலகை எல்லாம் வந்துவிட்டது. 2018-ல் வந்த திரைப்படத்தில் காசிமேடு வருகிறது. அங்கெல்லாம் கடல் திரைச்சீலை. அந்த ஆட்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்பது கதைக்குத் தேவைப்படாது.

சிறு பத்திரிகைகளாகிய நாமும் இதில் சேர்த்திதான். கசடதபற 1970 அக்டோபரில் வந்தது. எண்ணூர் அனல் மின்நிலையத்தின் முதல் அலகு அதே 1970-ல் ஓடத் தொடங்கியது. இரண்டும் ஒரே நகரத்தில். (அந்த மின்சாரத்தில்தான் புதுக்கவிதை அச்சாயிற்று என்று சொல்ல ஆசை. பாதி ட்ரெடில் மிஷினில் காலால் மிதித்து அச்சடித்தது.) நவீனத்துவம் நகர வாழ்க்கையின் நெருக்கடி, இயந்திரம், அந்நியமாதல் என்று பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் கழியோரத்தில் அந்த நெருக்கடியின் ஸ்தூல வடிவம் எழும்பிக்கொண்டிருந்தது. 450 மெகாவாட்டுக்கு வளர்ந்து 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் 1994-ல் வடசென்னை அனல் மின்நிலையம் வந்தது, 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு வல்லூர். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. அலைந்து தேடிக் காஃப்காவையும் காம்யூவையும் படித்த தலைமுறை பதினைந்தாம் நம்பர் பஸ் ஏறுகிற மாதிரி ஒரு பஸ் ஏறி எண்ணூர் வரைக்கும் வரவில்லை. நானும் அந்தத் தலைமுறையின் எச்சம், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒட்டியது. அதைப் பக்கெட்டால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் கழிக்குள் வந்தது. அந்த வாரம் காட்டுக்குப்பத்தில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் படகின் பக்கவாட்டில் எண்ணெய் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுதுகிற ஆள் என்று யாரோ என்னைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சார், ஒண்ணு சொல்றேன். கயி செத்துப்போச்சுன்னு மட்டும் எயுதிடாதீங்க."

"ஏங்க?"

"செத்துப்போன எடத்துல மண்ணு கொட்டலாம்னு அங்க ஒரு பேப்பர் ரெடியா வச்சிக்கீறாங்க. நீங்க செத்துப்போச்சுன்னு அழுவீங்க, அவன் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுனு போயிடுவான். எறா வருது சார். கொறைஞ்சிருச்சு, ஆனா வருது. அப்பிடி எயுதுங்க."

நான் கையிலே கொண்டுபோயிருந்த கட்டுரையின் தலைப்பு என்ன என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் உருவகமாகப் பேசவில்லை. 1996-ல் மத்திய அரசு ஏற்ற கடற்கரை வரைபடத்தில் நீர்நிலையாகக் காட்டப்பட்ட பரப்பு, பின்னால் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் காணாமல் போயிருந்தது 2017-ல் பெரிய சர்ச்சையாயிற்று. காகிதத்தில் கழி இல்லை. நம் கவிதையில் கழி செத்துவிட்டது. இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை. இரங்கல் என்ற உரிப்பொருள் இங்கே யாருக்கு உரியது என்று ஒரு விமர்சகன் கேட்டாக வேண்டும். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட எத்தனையோ எண்ணூர்க் கவிதைகள் கருமாதி மேளம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகின்றன.

அவர்கள் பேச்சில் இரங்கல் இல்லையென்றால் என்ன இருக்கிறது? அறிவு இருக்கிறது, பெயர் சூட்டல் இருக்கிறது, சண்டை இருக்கிறது. ஒரு உதாரணம். தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி, கப்பல்களின் வழியாக வந்ததென்று கருதப்படுவது, இந்தக் கழியில் பாய் விரித்த மாதிரிப் பரவியிருக்கிறது. அடிமண்ணை மூடிவிடுவதால் இறாலுக்கு இடமில்லாமல் போகிறது. அதிகாரிகளுக்கு அதன் லத்தீன் பெயர் எட்டுவதற்கு முன்பே இங்கே அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. காக்கா ஆழி. கறுத்த சிப்பி. ஏற்கெனவே இருந்த ஆழி வேறு, இது வேறு என்று பிரித்தறிந்து, தொல்லையையும் சேர்த்துச் சொல்லிவிட்ட பெயர். நமக்கு ஆழி என்றால் கடல். ஆழி சூழ் உலகு. மோதிரம், சக்கரம் என்று நிகண்டு மேலும் போகும். எண்ணூரில் ஆழி என்றால் கையை விட்டுத் துழாவினால் அகப்படுகிற சிப்பி. ஒரே சொல், ஒருவனுக்கு எல்லையில்லாதது, இன்னொருவனுக்கு உள்ளங்கைக்குள் அடங்குவது. பின்னதுதான் கவிதைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாடு என்ற சொல்லும் அப்படித்தான். பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி இன்னார் இன்ன நாள் இன்ன இடம் என்று பிரிப்பார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலையாகப் போய்விடாது. கிடைத்த மீனுக்கும் பாடுதான், மீன்பாடு. கஷ்டத்துக்கும் பாடு. முறை, பலன், துன்பம் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற சமூகம் இரங்கலை மட்டும் தனியே பிரித்து எடுத்துப் பார்க்காது. நெய்தலுக்குச் சொன்ன எற்பாடு என்ற பொழுதிலும் படுதல் என்ற அந்த வேரே இருக்கிறது. இலக்கணக்காரர்கள் பாட்டைப் பொழுதில் விட்டுவிட்டு இரங்கலை உரிப்பொருளாக்கிக்கொண்டார்கள்.

பாடு முறையைப் பொதுவுடைமையின் ஆதி வடிவம் என்று புகழ்கிறவர்களோடு நான் சேரவில்லை. அது உரிமை உள்ள ஊர்களின் பட்டினவர்களுக்குள் நடக்கிற பங்கீடு. பெண்ணுக்குப் பாடு கிடையாது. கழியில் காலங்காலமாக இறால் பிடிக்கும் இருளருக்குக் கிடையாது. நாட்டார் பஞ்சாயத்தின் அபராதமும் ஊர்விலக்கும் மென்மையான விஷயங்கள் இல்லை. காசிமேட்டு விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் மோதல் முற்றியபோது பஞ்சாயத்தால் தீர்க்க முடியாமல்தான் 1983-ல் சட்டம் வந்து கரையிலிருந்து மூன்று கடல் மைலை ஒதுக்கியது. ஒரு மரபு மதிக்கத்தக்கது என்பதற்கு அது அப்பழுக்கில்லாதது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் கிடையாது. மரபை இப்படி வெள்ளையடிப்பதும் கருமாதி மேளத்தின் இன்னொரு சுதிதான்.

இருளர் பெண்களை நான் முகத்துவாரத்துக்கு உள்ளே தாழ்ந்த தண்ணீரில் பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் சேற்றில் இறாலைத் தடவிக்கொண்டிருக்கும், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள். கரையில் நின்று எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வராது. வாயில் பறி. கரையில் நிற்பவன் அந்த மௌனத்தைச் சோகம் என்று எழுதிக்கொண்டு போவான்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் வைத்துப் பாடிய பொறம்போக்குப் பாட்டு. எழுதியவர் கேபர் வாசுகி. சாஸ்திரீய சங்கீதம் சேரிக்கு வந்தது என்று ஒரு கூட்டமும், வந்திருக்கக்கூடாது என்று ஒரு கூட்டமும் அதைச் சுற்றிச் சத்தம் போட்டன. இரண்டுக்கும் பாட்டு காதில் விழவில்லை. அதன் பலம் ராகமாலிகையில் இல்லை. வசவாகிவிட்ட ஒரு வருவாய்த்துறைச் சொல்லை எடுத்து, அது யாருக்கும் பட்டா இல்லாத, அதனாலேயே எல்லாருக்கும் உரிய நிலம் என்ற பழைய அர்த்தத்தில் நிறுத்தி, அதை வைத்துச் சண்டை போடுவதில் இருக்கிறது. அழவில்லை, வாதாடுகிறது. நற்றிணைத் தோழிக்கு உறவு. ஒரே குறை, அதை வெளியிலிருந்து போன ஒருவர் பாட வேண்டியிருந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்.

கடலோரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் இனி வலையின் பெயரிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கவலை வலை எந்தக் கண் அளவு, கோலா வலை எந்தக் காற்றில், அணியம் எது அமரம் எது. நமக்குக் காற்று நாலு, கொண்டல், கோடை, வாடை, தென்றல். திசைக்கு ஒன்று, அகராதி தீர்ந்தது. வாடை என்றால் நமக்குப் பிரிவு. கட்டுமரக்காரனுக்கு அது எந்த மாதம் தொடங்கும், அப்போது வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும், எந்த வலையை எடுக்க வேண்டும் என்பது. காட்டுக்குப்பத்துப் பெரியவரிடம் காற்றுகளின் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். கச்சான் வரைக்கும் என் நோட்டில் சரியாக வந்தது. அதற்கும் கோடைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் கையை மேற்கே காட்டினார், கொஞ்சம் தெற்கே திருப்பினார், பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

"ரோட்டுல நின்னுக்கினு சொல்ற மாதிரி இல்ல சார் அது. நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. விடியறதுக்குள்ள மாறும், காட்டுறேன்."